அந்தமானுக்கு ஏழு டிக்கெட்

புத்தூர்
2-11-2003, ஞாயித்துக்கிழம

அன்பு மகன் பவன்குமாருக்கு நைனா எழுதறது. கங்கம்மா புண்ணியத்துல இங்க நானும் உங்கம்மாவும் வேளைக்குத் துன்னு, வேளைக்குத் தூங்கி நடமாடிக்கினு இருக்கறோம், கொற ஒண்ணும் இல்ல. அங்க நீயும் ஹரிதாவும் கொழந்த யஸ்வந்தும் அந்தக் குளுருல சளி காச்சல் இல்லாம இருக்கணும், எங்களுக்கு வேண்டியது அதுதான். தீபாவளிக்கு முன்னால மழ நல்லா பேஞ்சது, அப்பால காணோம். ஏரியில பாதிக்கு மேல தண்ணி நிக்குது. பின்கட்டு ஷீட்டு ஒழுவுதுன்னு சொன்னேனே, அத மாத்தியாச்சு. குப்பத்துல உங்க அக்கா பத்மினி நல்லா இருக்கறா, மாப்பிளைக்கு கிரானைட் கம்பெனில ராத்திரி ஷிப்ட்டு எடுத்துட்டு பகல் ஷிப்ட்டு போட்டுட்டாங்களாம், அதுல ஊட்ல சண்ட கொறஞ்சிருக்குன்னு சொன்னா. எனக்கு முட்டிவலி அப்பிடியேதான் கீது, தண்டவாளத்துலயே நடந்து ரிட்டயர் ஆன காலு, வேற எப்பிடி இருக்கும். நீ அனுப்பன தைலத்த உங்கம்மா தேச்சுக்கறா, அவளுக்குக் கேக்குதாம், எனக்குக் கேக்கல.

நீ ரெண்டு மூணு வாரமா ஃபோன்ல டிக்கெட் போட்டாச்சா போட்டாச்சான்னு கேக்கற, நானும் போட்டுடலாம் போட்டுடலாம்னு சொல்லிக்கினு வரேன். போடல. ஏன் போடலன்னு ஃபோன்ல சொல்ல முடியாது, இந்தப் பக்கம் உங்கம்மா நிப்பா, அந்தப் பக்கம் ஹரிதா நிப்பா, நடுவுல கொழந்த ஹலோ ஹலோன்னு கத்திக்கினு இருக்கும். அதனால உக்காந்து எழுதறேன். நடந்தத நடந்தபடி எழுதறேன், யாரு மேலயும் கோவம் வெச்சிக்கினு எழுதல, நீயும் கோவப்படாம கடசி வரைக்கும் படி.

நீ ஆவணி மாசம் சொன்ன ஏற்பாடு நல்லா யோசிச்சு பண்ண ஏற்பாடுதான், அதுல நான் கொற சொல்லல. உன் ஆபீசும் கொழந்த ஸ்கூலும் கிறிஸ்துமசுக்குத்தான் மூடுவாங்க, அந்த லீவுல நீங்க மெட்ராஸ்ல எறங்கி, புத்தூருக்கும் வராம, நகரிப் பக்கம் ஹரிதா ஊருக்கும் போவாம, நேரா அந்தமானுக்குப் போறது. நாங்க ரெண்டு பேரு, ஹரிதாவோட அப்பா நாராயணசாமி, அம்மா தாட்சாயணி, நீங்க மூணு பேரு, ஆக ஏழு பேரு ஒரு வாரம் கடலோரத்துல ஒண்ணா இருக்கறது. நீங்க ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினு ஆறு வருஷம் ஆவுது. அவங்க ஊருக்கும் நம்ப ஊருக்கும் பஸ்ஸுல போனா ஒரு தூக்கம் போட முடியாது, அவ்ளோ கிட்ட. ஆனா அவங்க எங்கள ஒரு தபா கூட பாத்ததில்ல, நாங்களும் போய் நின்னதில்ல. அவங்க தலமொறையா மாந்தோப்பு வெச்சிருக்கறவங்க, நம்ப பெரியவங்க அந்த மாதிரி தோப்புல கூலிக்குப் போனவங்க. யஸ்வந்து பொறந்த அப்பறம்தான் பெத்த பொண்ணுகிட்டயே ஃபோன்ல பேச ஆரம்பிச்சாங்க. ஊர்ல வேணாம், தீவுன்னா வரோம்னு உன் மாமனாரு ஒத்துக்கினாருன்னு நீ சொன்னப்ப எங்களுக்கும் சந்தோசமாத்தான் இருந்துது. பேரன போட்டோலயே பாத்துக்கினு இருக்கறவங்க நாங்க, எங்க கூப்ட்டாலும் வருவோம்.

அந்தமானுக்குப் போறேன்னு நம்ப கங்கையாகிட்ட சொன்னேன், அவன் இன்னா கேஸுல மாட்டிக்கின, எத்தினி வருஷம் போட்டாங்கன்னு கேட்டான். தண்டவாளம் பாக்கற ரயில்வே கேங்ல ஒண்ணா இருந்த காலத்துலருந்து அவனுக்கு அதே வாயி. உங்கம்மா அங்க அரிசிச் சோறு கெடைக்குமா, கடல்ல அல பெருசா இருக்குமா, கொழந்தைய தண்ணியில எறக்கலாமான்னு என்னக் கேட்டுக்கினே இருந்தா, நான் இன்னா அங்கயா பொறந்தேன். பத்மினி குப்பத்துலருந்து ஒரு சுடிதார் வாங்கி அனுப்பினா, கடலோரத்துல புடவ தடுக்கும், இதப் போட்டுக்கோன்னு. இந்த வயசுல எனக்கு இதெல்லாம் இன்னாத்துக்குன்னு உங்கம்மா திட்டி மடிச்சு பீரோவுல வெச்சுட்டா. அப்பால ஒரு நாளு மத்தியானம் நான் கடைக்குப் போயி சில்லற மறந்துட்டு திரும்பி வந்தேன், அதப் போட்டுக்கினு கண்ணாடி முன்னால நிக்கறா. நான் பாக்காத மாதிரி வெளிய வந்துட்டேன். எதிர்த்த ஊட்டு டீச்சரம்மாகிட்ட போயி கொழந்தகிட்ட பேசறதுக்கு இங்கிலீஷு வேற கேட்டு வெச்சிக்கினா. பசிக்குதா, தூக்கம் வருதா, ஆயாகிட்ட வா, இந்த மூணும் இப்போ நல்லா சொல்றா.

அக்டோபர் ஆரம்பத்துல நாராயணசாமி ஃபோன் பண்ணாரு. அவரு கொரல அன்னைக்கித்தான் மொத தபா கேட்டேன். மரியாதையாத்தான் பேசினாரு, ஆனா நீன்னும் சொல்லல, நீங்கன்னும் சொல்லல. வந்தா நல்லாருக்கும், பாத்துப் பேசிக்கலாம், அப்பிடியே பேசி முடிச்சாரு. திருப்பதியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் இருக்குது, அங்க வந்தா எல்லாருக்கும் ஒண்ணா ஏற்பாடு பண்ணிடலாம்னாரு. புத்தூருலயே ரெண்டு டிராவல்ஸ் கீது, நகரியிலயும் கீது. நான் ஏன்னு கேக்கல, சரிங்கன்னு சொன்னேன்.

நாங்க போனப்ப அவங்க முன்னமே வந்து உக்காந்திருந்தாங்க. ஒண்ணு சொல்லணும், அவரு கெட்ட மனுசன் இல்ல. எழுந்து நின்னாரு, உங்கம்மாவுக்கு ஃபேனுக்குக் கீழ இருக்கற சேரக் காட்டினாரு, நாலு காபி சொன்னாரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாசுதான் வந்துது, உங்கம்மா அத ஒரு தபா பாத்துட்டு எடுத்துக் குடிச்சா. தாட்சாயணி ஒல்லியா இருக்கறாங்க, அதிகம் பேசல, ஹரிதா அனுப்பன போட்டோ ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க, யஸ்வந்து பனியில செவப்புக் குல்லா போட்டுக்கினு நிக்கறது. அது எங்களுக்கு வராத போட்டோ. உங்கம்மா அத வாங்கி கையிலயே வெச்சிக்கினா. டிராவல்ஸ்காரரு கடலு படகு எல்லாம் போட்ட புக்கக் காட்டிக்கினே தெலுங்குல அந்தா ஒக்கே ஃபேமிலீயா, எல்லாரும் ஒரே குடும்பமான்னு கேட்டாரு. லேது, ரெண்டு ஃபேமிலின்னு நாராயணசாமி சொன்னாரு. படகுக்கு அடியில கண்ணாடி வெச்சிருப்பாங்களாம், கீழ மீனு போறது தெரியுமாம். கிறிஸ்துமஸ் அன்னைக்கி ராத்திரி ஓட்டல்காரங்களே மணல்ல மேஜ போட்டு, வெளக்கு கட்டி, பாட்டு வெச்சு சாப்பாடு போடுவாங்களாம். புடவயோட கடல்ல எறங்கலாமான்னு உங்கம்மா கேட்டா, தாராளமா மேடம்னாரு. மேடம்னதுல அவளுக்குக் கொஞ்சம் சந்தோசம்.

அப்போ நாராயணசாமி எங்க பக்கம் குனிஞ்சு ஒண்ணு சொன்னாரு. அங்க நம்மள யாருக்குத் தெரியும், ஒரே மேஜையில உக்காந்து துன்னலாம், எல்லாரும் நின்னு போட்டோ எடுத்துக்கலாம், கொழந்தைக்கும் மனசு நெறயும், திரும்பி வந்துட்டா அவங்கவங்க ஊட்ல அவங்கவங்க இருந்துக்கலாம்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு, எங்களுக்கு ஒண்ணு குடுக்கற மாதிரி சொன்னாரு. நான் ஆமாங்கன்னேன். உங்கம்மா போட்டோவையே பாத்துக்கினு இருந்தா.

நாங்க ரூமு பத்திப் பேசிக்கினு இருக்கறப்பதான் கிருஷ்ணப்பான்னு ஒருத்தரு உள்ள வந்தாரு. அவரு நாராயணசாமி ஊரு, கரும்பு லாரி வெச்சிருக்கறவரு, ஷிர்டிக்கு டிக்கெட் கேக்க வந்திருக்காரு. இன்னா நாராயணசாமி இங்கன்னு கேட்டாரு. பொண்ணு வருது, அந்தமான் போலாம்னு இருக்கறோம்னாரு. இவங்க யாருன்னு எங்களப் பாத்துக் கேட்டாரு. நாராயணசாமி காபி கிளாச கீழ வெச்சுட்டு, இவங்க ரயில்வேல இருந்தவங்க, டிக்கெட் வெவரமெல்லாம் தெரிஞ்சவங்க, கேட்டுக்கலாம்னு கூப்ட்டேன்னாரு. பொய்யின்னு சொல்ல முடியாது, நான் ரயில்வேல இருந்தவன்தான். நானும் தலய ஆட்டிட்டேன். தாட்சாயணி கீழ குனிஞ்சிக்கினாங்க. ஊர்ல அவரு மாப்பிள பெங்களூர்ப் பையன்னு சொல்லி வெச்சிருந்தாராம், அது எங்களுக்கு அப்பறம்தான் தெரியும்.

உங்கம்மா எழுந்து நின்னா. கோவமா எழுந்திருக்கல, யாரோ பெரியவங்க வந்தா எழுந்திருப்போமே அந்த மாதிரி எழுந்தா. சார், நாங்க இவங்களுக்கு சம்பந்திங்க, எங்க பையன் பவன்குமாருக்குத்தான் இவங்க பொண்ணு ஹரிதாவக் குடுத்திருக்கறாங்க, ரெண்டு பேரும் அமெரிக்காவுல இருக்கறாங்க, இது எங்க பேரன், பாருங்க மூக்கு அப்பிடியே தாத்தா மூக்குன்னு போட்டோவ அவருகிட்ட நீட்டினா. குடுத்திருக்கறாங்கன்னு சொன்னா பாரு, அவங்க எங்க குடுத்தாங்க, ஆனா அப்பிடித்தான் சொன்னா. அந்தக் கிருஷ்ணப்பா போட்டோவ வாங்கிப் பாத்தாரு, நாராயணசாமியப் பாத்தாரு, ஆமா மூக்கு அவரு மூக்குதான்னாரு. நாராயணசாமி மொகத்துல ரத்தமே இல்ல. அப்போ தாட்சாயணி தல நிமிந்து, ஆமாண்ணா, எங்க பேரன்தான்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.

நாராயணசாமி மோட்டார் கடைக்குப் போவணும்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டாரு, கொடைய அங்கயே உட்டுட்டுப் போனாரு. கிருஷ்ணப்பாவும் டிக்கெட் கேக்காமயே கெளம்பிட்டாரு. நாங்க மூணு பேரு உக்காந்திருந்தோம். தாட்சாயணி காபிய முழுசும் குடிச்சு முடிச்சுட்டு, அங்க கட்டறதுக்கு நீங்க எந்த மாதிரி புடவ எடுத்துக்கினு வரீங்கன்னு உங்கம்மாவக் கேட்டாங்க. உங்கம்மா மெதுவா அந்த சுடிதார் கதயச் சொன்னா. அந்தம்மா வாயப் பொத்திக்கினு சிரிச்சாங்க, சிரிச்சுக்கினே கண்ணத் தொடச்சுக்கினாங்க. போட்டோவ நீங்களே வெச்சிக்கோங்கன்னு சொல்லிட்டு கொடைய எடுத்துக்கினு போனாங்க. டிக்கெட் போடாம நாங்களும் வந்துட்டோம்.

பஸ்ஸுல உங்கம்மா வேர்க்கல்ல வாங்கித் துன்னுக்கினு வந்தா. நான்தான் கேட்டேன், ஒரு வாரம் வாய மூடிக்கினு இருந்திருந்தா பேரனப் பாத்திருக்கலாமேன்னு. பேரன் வெவரம் தெரிஞ்ச புள்ள, ஆயா, நம்ப ஏன் இங்க மட்டும் ஒண்ணா துன்றோம், ஊர்ல ஏன் துன்றதில்லன்னு கேட்டான்னா நீ இன்னா சொல்லுவன்னா. தொலியெல்லாம் மடியில சேத்து வெச்சு எறங்கறப்ப கீழ கொட்டினா.

அப்பால நடந்தது உனக்குச் சொல்லாம இருந்தேன். கிருஷ்ணப்பா சும்மா இருப்பாரா, ரெண்டு நாள்ல அவங்க ஊரு பூரா தெரிஞ்சுது. பால் சொசைட்டியில வெச்சு ஒருத்தன் நாராயணசாமிய மூஞ்சிக்கு நேரா கேட்டானாம். தம்பி ஊட்டுக்காரங்க பேச்ச நிறுத்திட்டாங்களாம், தீபாவளிக்கு அவங்க ஊட்டுக்கு யாரும் வரலியாம். இங்கயும் ஒரு நாளு பைக்குல ரெண்டு பேரு வந்து, என் பேரச் சொல்லி துலுக்காணம் ஊடு எதுன்னு கேட்டு, வாசல்ல வண்டிய நிறுத்தி, ஒண்ணும் பேசாம பாத்துட்டுப் போனாங்க. கங்கையா அன்னைக்கிலருந்து ஒரு வாரம் நம்ப வாசல்ல வந்து கட்டில் போட்டுப் படுத்துக்கினான், காத்து வரலன்னு காரணம் சொன்னான். அப்பறம் யாரும் வரல. இப்போ ஒண்ணும் இல்ல, நீ பயப்படாத, ஃபோன் பண்ணி உங்கம்மாவ இதப் பத்திக் கேக்காத.

போன வாரம் ரயில்வே கேட் கீப்பரு வந்து, உன்னப் பாக்க யாரோ வந்து கேட்டாண்ட நிக்கறாங்கன்னு சொன்னாரு. போயிப் பாத்தா நாராயணசாமி, வண்டிய ஓரமா நிறுத்திட்டு நிக்கறாரு. ஊட்டுக்கு வாங்கன்னேன், வரல, இங்கயே பேசிக்கலாம்னாரு. அந்தம்மா வாயத் தெறக்காம இருந்திருந்தா எல்லாரும் நிம்மதியா கடலப் பாத்துட்டு வந்திருக்கலாமேன்னாரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே அவ்ளோ தூரம் தேடனது, இப்போதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, இனிமே அந்தமானுக்குப் போயி இன்னா பண்றதுன்னாரு. எங்க ஊட்லயும் அதையேதான் சொல்றாங்கன்னேன். அவரு சிரிக்கல. அப்போ கூட்ஸ் வண்டி ஒண்ணு வந்துது, அது போற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னுக்கினு இருந்தோம். வண்டி போன அப்பறம், தாட்சாயணி எங்கூட பேசறதில்ல, நான் வந்தாலும் வராட்டியும் அவ போறாளாம், போவட்டும், நான் வரலன்னாரு. அப்பறம் கொழந்தைக்கு காது வலின்னு கேள்விப்பட்டேன், இப்போ எப்பிடி இருக்குதுன்னு கேட்டாரு. ஹரிதா அவருகிட்ட பேசறது நின்னுபோச்சுன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. நல்லாயிட்டுதுங்கன்னேன். தலய ஆட்டிட்டு வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாரு. நான் அவரு மேல கோவப்படல. ஊருக்குள்ள அவரு நடக்கறது லேசு இல்ல.

இப்போ தாட்சாயணி தெனம் மத்தியானம் உங்கம்மாவுக்கு ஃபோன் பண்றாங்க. இன்னா பேசறாங்களோ, நான் கிட்டப் போனா உங்கம்மா கொரலக் கொறைக்கறா. பத்மினிகிட்ட சொல்லி அவங்களுக்கும் ஒரு சுடிதார் வந்திருக்குது, பச்ச கலரு, அது மட்டும் தெரியும். ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணதத்தான் உனக்கு எழுதறேன். நீங்க மெட்ராஸ்ல எறங்கி மொதல்ல நம்ப ஊட்டுக்கு வரணும், பகல்ல வரணும், பத்து பேரு பாக்க வரணும். ரெண்டு ராத்திரி இங்க தங்கணும். அப்பால ஹரிதா உன்னயும் கொழந்தயயும் கூட்டிக்கினு அவங்க ஊட்டுக்குப் போவணும், கதவ நான் தெறக்கறேன், என் ஊடும்தானே அதுன்னு தாட்சாயணி சொல்லியிருக்காங்க. அதுக்கு அப்பறம்தான் எல்லாரும் அந்தமானு. அங்க போறது கடலப் பாக்கறதுக்கு, ஒளிஞ்சுக்கறதுக்கு இல்லன்னு உங்கம்மா சொல்றா. இது உனக்கும் ஹரிதாவுக்கும் ஒத்து வரலன்னா இந்த வருஷம் வராதீங்க, எங்கயும் வராதீங்க. உங்கம்மா தாங்கிக்குவா. பின்கட்டுல போயி அழுவா, எங்கிட்ட காட்டிக்க மாட்டா, நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். அவ்ளோதான் ஆவும்.

வரதா இருந்தா மெட்ராஸ்ல இருக்கற உன் சிநேகிதன் மூலமா நீயே டிக்கெட் போட்டுடு, கிறிஸ்துமஸ் கூட்டத்துல அப்பறம் கெடைக்காதுன்னு டிராவல்ஸ்காரரு அன்னைக்கே சொன்னாரு. கொழந்தைக்கு இங்க கொசு கடிக்கும், அதுக்கு அங்க டாக்டர்கிட்ட கேட்டு ஊசி போடணும்னா போட்டுக்கினு வா. பயணத்துல கண்ட தண்ணியக் குடுக்காத. ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட லீவு விஷயமா மொறச்சிக்கினு வராத, பொறுமையா சொல்லிட்டு வா. இந்த லெட்டர ஹரிதாவுக்கு முழுசும் படிச்சுக் காட்டு, அவங்க நைனா காது வலி கேட்ட எடத்த உடாம படி. அந்தப் பொண்ணு ஒரு தபா அவருக்கு ஃபோன் பண்ணட்டும், நான் சொன்னேன்னு சொல்லு. உங்க மூணு பேருக்கும் நோய் நொடி இல்லாம, பேரு கெடாம, ஒருத்தருக்கொருத்தர் உட்டுக் குடுத்து நீண்ட நாள் வாழணும்னு நானும் உங்கம்மாவும் ஆசீர்வாதம் பண்றோம். யஸ்வந்துக்கு ஆயாவோட முத்தம்.

மறக்காம ஒண்ணு. ஏழு டிக்கெட்டா போடு. ஆறு போட்டுடாத. வரலன்னு சொன்ன ஆளுக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு நானும் கேட்டேன். சீட்டு காலியா போனா போவட்டும், நம்ப பேர உட்டுட்டாங்கன்னு அந்த மனுசன் நாளைக்கி நெனைக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்றா.

இப்படிக்கு
உன் நைனா
மு. துலுக்காணம்
(உங்கம்மா மணியம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்கறா, படிச்சுக் காட்டினேன், எல்லாம் சரியாத்தான் கீதுன்னு சொன்னா)